விதிநூலின் தடிமனும் ஆட்டத்தின் சிக்கலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ரோல்பிளே ஆட்டங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொழுதுபோக்குக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஆட்டங்களை ‘எளிது’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்று அதில் தரம்பிரித்த முறை குறித்து எனக்கு ஆட்சேபம் உண்டு. விதிநூலின் பக்கங்கள், பகடைகளின் வகைகள், அட்டவணைகள் ஆகிய மூன்றின் எண்ணிக்கையைக் கொண்டே அந்தத் தரவரிசை போடப்பட்டிருந்தது. நான் தொழிலால் தணிக்கையாளன். வீட்டு மேசையில் பத்தாண்டுகளுக்கு மேலாக டன்ஜன் மாஸ்டர். எண்ணுவதற்கு வசதியானதை எண்ணிவிட்டு, எண்ண வேண்டியதை விட்டுவிடும் பழக்கத்தை அலுவலகத்தில் நாள்தோறும் பார்ப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் கூடி அமர்கிறார்கள். ஒருவர் உலகையும் அதிலுள்ள எதிரிகளையும் ஏனையோரையும் நடத்துகிறார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ ஏற்று, தாம் செய்வதை வாயால் சொல்கிறார்கள். செய்தது பலித்ததா என்ற ஐயம் எழும்போது பகடை தீர்ப்பளிக்கிறது. இவ்வகையில் முதலில் அச்சேறிய ஆட்டம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974-இல் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் இணைந்து உருவாக்கியது. முதல் அச்சு ஆயிரம் படிகள்தாம்.

பக்கக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதற்கு அந்த முதல் பதிப்பே சான்று. ஒரு பெட்டிக்குள் மூன்று மெல்லிய கையேடுகள். தங்கள் கட்டுரையாளரின் அளவுகோலை வைத்தால் ‘எளிது’ என்ற பிரிவில் முதலிடம் அதற்கே கிடைக்க வேண்டும். ஆனால் சண்டையை எப்படி நடத்துவது என்பதற்கு 1971-இல் வந்த ‘செயின்மெயில்’ என்ற போர் ஆட்டத்தின் விதிகள் கையில் இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. மாற்றாக ஒரு பகடை முறையையும் தருகிறது. காட்டுவழிப் பயணத்துக்கோ, முற்றிலும் வேறொரு நிறுவனம் விற்ற ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற பலகையாட்டத்தின் வரைபடத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. போர் ஆட்டங்களில் பழகாத ஒருவர் அந்த மூன்று கையேடுகளையும் படித்துவிட்டு ஆடத் தொடங்கியிருப்பார் என்பதை நம்புவது கடினம். கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் அவ்விதிகளைப் படித்துக் குழம்பி, சாதாரண ஆறு முகப் பகடைகளை மட்டும் கொண்டு 1975-லேயே ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ என்ற தம் சொந்த ஆட்டத்தை எழுதிவிட்டார். 1977-இல் ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர் புதியவர்களுக்கென மூன்றாம் லெவல், அதாவது பாத்திரம் வளரும் மூன்றாம் படி, வரையிலான பகுதியை மட்டும் சீராக்கித் திருத்தி எழுத வேண்டியிருந்தது. எழுதாமல் விட்டவையெல்லாம் படிப்பவர் தலையில் ஏறியதால் வந்த வினை இது.

இன்னொன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பின் 320 பக்கங்களையும், அதே வகை ஆட்டமான ‘பாத்ஃபைண்டர்’ 2009 பதிப்பின் 576 பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னது ஏறத்தாழ இருமடங்கு சிக்கலானது என்று கட்டுரையாளர் முடிவுகட்டியிருந்தார். இந்த ஒப்பீட்டைத் தணிக்கையில் நான் அனுமதிக்க மாட்டேன். 320 என்பது ஆடுவோருக்கான நூலின் பக்கங்கள் மட்டுமே. நடத்துபவருக்கான நூல் தனியாக மற்றுமொரு 320 பக்கம். பாத்ஃபைண்டரின் 576 பக்கங்களில் இருவருக்குமான விதிகளும் ஒரே அட்டைக்குள் அடங்கியுள்ளன. அவ்வாறு கூட்டினால் தடித்தது எது என்ற விடை தலைகீழாகிவிடும். பாத்ஃபைண்டர்தான் ஆடுவதற்குக் கடினமானது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதற்கான காரணம் பக்கத்தில் இல்லை. மேலும், அந்த 320 பக்க நூலில் 80 பக்கங்களுக்கு மேல் மந்திரங்களின் விவரம். வாளேந்திய வீரனை ஆடுகிறவர் அப்பக்கங்களைத் திறக்காமலேயே ஆண்டுக்கணக்கில் ஆடலாம். அகராதி தடிமனாக இருக்கிறது என்பதற்காக எவரும் பேசத் தயங்குவதில்லை.

பக்கத்தை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருகிறேன். கணக்கு கூடினால் சிக்கல் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘தாக்கோ’ என்ற எண் இருந்தது. கவச எண் பூஜ்ஜியமாக உள்ளவனைத் தாக்க இருபது முகப் பகடையில் என்ன விழ வேண்டும் என்பதே அது. தாக்கோ 16 உள்ள வீரன், ஆர்மர் கிளாஸ் எனப்படும் கவச எண் 3 உள்ள எதிரியை அடிக்க, 16-இலிருந்து 3-ஐக் கழித்து 13 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். இரண்டாம் வகுப்புக் கழித்தல்தான். ஆனால் அந்த முறையில் கவசம் வலுக்க வலுக்க எண் குறையும். பூஜ்ஜியத்தைத் தாண்டி எதிர்ம எண்ணாகவும் போகும். எதிரியின் எண் மைனஸ் 2 ஆனால், 16-இலிருந்து மைனஸ் 2-ஐக் கழிக்க வேண்டும், அதாவது கூட்ட வேண்டும். கேடயத்துக்குப் ‘பிளஸ் ஒன்று’ என்று எழுதியிருந்தால் கவச எண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும். கணக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் திருப்பிப் போட்டது. அதே வீரனுக்கு இப்போது தாக்கும் மதிப்பு பிளஸ் 4. அதே எதிரிக்குக் கவச எண் 17. பகடையில் விழுந்ததோடு நான்கைக் கூட்டினால் 17-ஐ எட்டுகிறதா என்று பார்த்தால் போதும். தேவைப்படுவது அதே 13. வெல்லும் வாய்ப்பில் இம்மியும் மாற்றமில்லை. மாறியதெல்லாம், பெரிய எண் நல்லது என்று மேசை முழுவதும் ஒரே திசையில் நினைக்க முடிந்தது என்பதுதான். பகடை, அட்டவணை, பக்கம் என எதை எண்ணினாலும் இந்த மாற்றம் தங்கள் கட்டுரையாளரின் அளவுகோலில் தென்படவே தென்படாது.

அதே மூன்றாம் பதிப்பு வேறோர் இடத்தில் சறுக்கியதையும் சொல்லாமல் விடக்கூடாது. 2003-இல் அது திருத்தப்பட்டு 3.5 என்ற பெயரில் வந்தது. என் வீட்டில் பல காலம் அதைத்தான் ஆடினோம். ஒரு மழைநாள் இரவு, ஓடப் பார்த்த காப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றைக் கண்டு, என் தம்பி மகன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். “பெரியப்பா, நான் அவன் கழுத்தைப் பிடிச்சு அமுக்கறேன்” என்றான். இந்த ஆட்டத்தில் ஒரு பிள்ளை சொல்லக்கூடிய மிக இயல்பான வாக்கியம் அது. அதற்கு விதிநூல் வைத்திருக்கும் பதிலோ இதுதான். முதலில், பிடிக்கப் போகிறவனை அந்தக் காப்ளின் ஓர் அடி அடித்துக்கொள்ளலாம். அதில் காயம் பட்டால் பிடி அப்போதே கைவிடப்படும். தப்பினால், கவசத்தைக் கணக்கில் கொள்ளாத தொடு தாக்குதலுக்கு ஒரு பகடை. அது பலித்தால் இருவரும் எதிரெதிராகப் பகடை போட வேண்டும். அதில் தாக்கும் மதிப்பு, உடல்வலு, உருவ அளவு மூன்றையும் கூட்ட வேண்டும், சிறிய உருவமான காப்ளினுக்கு நான்கு குறையும். அதிலும் வென்றால், பிடியைத் தக்கவைக்க அவன் நிற்கும் இடத்துக்குள் நகர வேண்டும். நான் நூலைத் திறந்து, விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்து முடித்தபோது அவன் உட்கார்ந்துவிட்டிருந்தான். “சரி, வாளாலயே வெட்டறேன்” என்றான்.

சிக்கலின் உண்மையான விலை அதுதான். செய்ய நினைத்ததை விட்டுவிட்டு, விதி எளிதாக அனுமதிப்பதைச் செய்யத் தொடங்கினான் அந்தப் பையன். அதன்பின் பல மாதங்கள் எங்கள் மேசையில் எவரும் எவர் கழுத்தையும் பிடிக்கவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதே செயலுக்கு எதிரெதிராக ஒரே ஒரு பகடைதான். 2024 திருத்தத்தில் பிடிபடுகிறவர் மட்டும் ஒரு தப்பிக்கும் பகடை போட்டால் போதும் என்றாகிவிட்டது. ஒரு விதியை மதிப்பிடுகிறவர், அது எத்தனை வரி என்பதைவிட, அதைக் கேட்டபின் ஆடுபவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இதனால் நான் சிக்கலுக்கே பகைவன் என்று எண்ண வேண்டாம். 1978-இல் வந்த ‘அட்வான்ஸ்ட்’ பதிப்பின் ஆடுவோர் நூலில் ஃபயர்பால் எனும் தீக்கோள மந்திரத்துக்கு ஒரு குறிப்பு உண்டு. தீ எத்தனை அடி ஆரம் பரவும் என்பதோடு அது நிற்கவில்லை. அந்தக் கோளத்தின் கன அளவான ஏறத்தாழ 33,000 கன அடியை, இடம் எப்படியிருந்தாலும் தீ நிரப்பியே தீரும் என்கிறது. பரந்த மண்டபத்தில் வீசினால் கவலையில்லை. பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சுரங்கப் பாதையில் வீசினால் என்னவாகும்? பத்தடிக் கனசதுரங்கள் முப்பத்துமூன்று. வரிசையாக அடுக்கினால் 330 அடி நீளத் தீ. அதில் ஒரு பங்கு வீசியவரை நோக்கியே திரும்பி வரும். ஆட்டத்தின் நடுவில் கன அளவு கணக்கிடுவது தொல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொல்லைக்குக் கைம்மாறு உண்டு: மந்திரவாதி வீசுமுன் சுவரைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், தோழர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்கிறார். ஐந்தாம் பதிப்பில் இருபது அடி ஆரம் என்று மட்டும் இருப்பதால் கணக்கு மிச்சம். அந்தத் தயக்கமும் போயிற்று. எனக்கு இதில் சற்று வருத்தமே.

அதே 1978 நூலில், ஒவ்வொரு ஆயுதமும் ஒவ்வொரு வகைக் கவசத்துக்கு எதிராக எத்தனை கூட, எத்தனை குறைய என்று காட்டும் நெடிய அட்டவணையும் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அதைப் பார்த்தாக வேண்டும். பார்த்தபின் கிடைப்பது பெரும்பாலும் சில புள்ளிகளே. பல மேசைகளில் அது சத்தமில்லாமல் கைவிடப்பட்டதில் வியப்பில்லை. ஒரே நூலில், ஏறத்தாழ ஒரே அளவு தொல்லை தரும் இரண்டு விதிகள். ஒன்று முடிவெடுக்கத் தூண்டுகிறது, மற்றொன்று கணக்கோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் ஒரே ‘சிக்கல்’ என்ற தலைப்பில் போட்டுக் கூட்டுவது முறையான கணக்கு அல்ல.

இனி, கட்டுரையாளர் பெரிதும் பாராட்டிய எளிய ஆட்டங்களுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில், ஒரு துறையின் செலவு திடீரெனக் குறைந்திருந்தால் நாங்கள் மகிழ்வதில்லை. எந்தத் தலைப்புக்கு அது மாற்றப்பட்டிருக்கிறது என்று தேடுவோம். 2012-இல் வந்த ‘டன்ஜன் வேர்ல்ட்’ என்ற ஆட்டத்தில் ஆறு முகப் பகடை இரண்டைப் போட்டுக் கூட்டினால் போதும். பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் முழு வெற்றி. ஏழு முதல் ஒன்பது வரை வெற்றி உண்டு, ஆனால் ஒரு விலையோடு. ஆறும் அதற்குக் கீழும் விழுந்தால் நிலைமை நடத்துபவர் கைக்குப் போகும். ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், உண்மைதான். ஆனால் கூட்டல் எதுவும் இல்லாதபோது இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் 15 ஏழு முதல் ஒன்பதுக்குள் விழுகின்றன. மேலும் 15 ஆறும் அதற்குக் கீழும். அதாவது 36-இல் 30 முறை, மேசையில் யாராவது அந்த நொடியே எதையாவது புதிதாகக் கற்பனை செய்தாக வேண்டும். பூட்டைத் திறந்துவிட்டாய், ஆனால் என்ன விலை? கம்பி உடைந்ததா, காவலன் இருமினானா, உள்ளே யாரோ விளக்கை அணைத்தார்களா? விதிநூல் சில வழிகளைக் காட்டும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அந்த இடத்துக்கு ஏற்ப உருக்கொடுப்பது பெரும்பாலும் நடத்துபவர் பாடு. இரவு எட்டு மணிக்கு அது இன்பம். பத்தரை மணிக்கு, ஆறாவது பூட்டுக்கு விலை தேடும்போது, 3.5 பதிப்பின் அட்டவணைகளை நான் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டதுண்டு. ஆடுபவர்களுக்கு எளிதான ஆட்டம் நடத்துபவருக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. யாருக்கு எளிது என்று சொல்லாத தரவரிசை வாசகருக்குப் பயன்படாது. முதன்முறையாக நடத்தப் போகிற கல்லூரி மாணவர் ஒருவர் அதை நம்பி வாங்கி, முதல் நாளே சோர்ந்துபோவார்.

என்னிடம் ஒரு சோதனை உண்டு. எங்கள் மேசையில் நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன; ஆட்டம் தமிழில் நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு விதியையும் நான் வாயால் தமிழில் சொல்லியாக வேண்டும். ஒரு மூச்சில் சொல்ல முடிகிறதா, சொன்னபின் கேட்டவர் அதைத் தாமே மற்றவருக்குத் திருப்பிச் சொல்கிறாரா என்று கவனிக்கிறேன். ஐந்தாம் பதிப்பின் ‘அட்வான்டேஜ்’ விதி இதில் எளிதாகத் தேறியது. “சூழ்நிலை உனக்குச் சாதகமாக இருந்தால் இருபது முகப் பகடையை இரண்டு முறை போட்டுப் பெரியதை எடுத்துக்கொள்” என்றேன், அவ்வளவுதான். 11 தேவைப்படும் இடத்தில் ஐம்பது விழுக்காடாக இருந்த வாய்ப்பு எழுபத்தைந்தாகிறது. அந்தக் கணக்கை யாரும் தெரிந்துகொள்ளத் தேவையுமில்லை. மூன்றாம் பதிப்பில் இதே இடத்தில், ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒரு வகைப்பெயர் இருந்தது, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டில் பெரும்பாலும் பெரியதை மட்டுமே சேர்க்கலாம், சில வகைகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. இதை ஒரு மூச்சில் சொல்ல என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை.

ஐந்தாம் பதிப்பும் எல்லா இடத்திலும் தேறிவிடவில்லை. ‘போனஸ் ஆக்‌ஷன்’ எனும் கூடுதல் செயலைக் கொண்டு ஒரு மந்திரம் சொன்னவர், தாம் ஆடும் முறை முடிவதற்குள் வேறு மந்திரம் சொல்வதானால் அது ‘கேன்ட்ரிப்’ என்ற கடைநிலை மந்திரமாகவே இருக்க வேண்டும் என்றொரு விதி 2014 நூலில் உண்டு. அச்சில் சிறியதுதான். வீழ்ந்து கிடக்கும் தோழனை ‘ஹீலிங் வேர்ட்’ சொல்லி எழுப்பிவிட்டு, உடனே எதிரி மீது ‘கைடிங் போல்ட்’ வீசப் போன என் மகளிடம் இதை மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று முறை விளக்கியிருக்கிறேன். நான்காம் முறை அவளே எனக்கு விளக்கினாள், தவறாக. 2024 திருத்தம், ஒருவர் தாம் ஆடும் ஒரு முறைக்குள் மந்திர இருப்பிலிருந்து ஒன்றை மட்டுமே செலவிடலாம் என்று அதை மாற்றிய பின்புதான் வீட்டில் அமைதி திரும்பியது.

கடைசியாக ஒரு குறை. இவ்வளவு ஆட்டங்களையும் ஒரே மாலைப் பொழுது ஆடிப் பார்த்து மதிப்பிட்டதாகக் கட்டுரையாளரே குறிப்பிட்டிருந்தார். இந்த ஆட்டங்கள் லெவல் ஏற ஏறக் கனப்பவை. 3.5 பதிப்பில் முதல் லெவல் வீரனுக்கு ஒரு முறைக்கு ஒரே அடி. பதினாறாம் லெவலில் நான்கு அடிகள். ஒன்றுக்குப் பிளஸ் 16, அடுத்ததற்கு 11, அதற்கடுத்து 6, கடைசியில் 1, ஒவ்வொன்றோடும் மற்றக் கூட்டல்கள் வேறு. முதல் மாலையில் இது கண்ணில் படாது. ஆகவே இனி இத்தகைய மதிப்புரைகளை வெளியிடும்போது, எத்தனை அமர்வுகள் ஆடினார், எந்த லெவல் வரை போனார், நடத்தினாரா ஆடினாரா, உடனிருந்தவர்களில் புதியவர் எத்தனை பேர் என்பதைக் கட்டுரையாளர் எழுதுமாறு தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். நட்சத்திரக் குறியீடுகளை எடுத்துவிட்டாலே இதற்கு இடம் கிடைத்துவிடும்.

நான் சொன்னதைச் சரிபார்க்க விரும்பும் வாசகர்கள் எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டன, 3.5 பதிப்பின் அடிப்படை விதிகளும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. இரண்டிலும் எதிரியைப் பிடித்து அமுக்குவதற்கான ‘கிராப்பிள்’ பகுதியை மட்டும் திறந்து, வீட்டிலுள்ள ஒரு பத்து வயதுப் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, தமிழில் வாயால் சொல்லிப் பார்க்கலாம். கையில் கடிகாரம் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்